எம்எக்ஸ்-5 மடக்குக் கூரை: பின் ஜன்னல் பிளாஸ்டிக் கீறிவிட்டது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

#1 ஹாரோ_மழை

வணக்கம். என்னிடம் இருப்பது 1995ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, பிறகு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்த வண்டிகளில் ஒன்று. கறுப்பு மடக்குக் கூரை, பின்னால் பிளாஸ்டிக் ஜன்னல்.

போன ஞாயிறு இங்கே நல்ல வெயில். லண்டன் வெயில்தான், வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. வெளியே 3 டிகிரி. கூரையை இறக்கிவிட்டு ஒரு சுற்று போய்வரலாம் என்று ஆசை. இந்த மாடலில் கூரையை மடக்கும் முன் பின் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். தெரியும். தெரிந்தும் சோம்பல். இரண்டு தாழ்ப்பாளையும் தட்டிவிட்டு அப்படியே பின்னால் தள்ளினேன். அப்பளம் உடைவது போல ஒரு சத்தம். மடிப்பு விழுகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

கூரை வேலை செய்யும் கடை ஒன்றில் கேட்டேன். ஜன்னலை மட்டும் தொட மாட்டார்களாம், முழுக் கூரையையும் மாற்ற 900 பவுண்டு என்றார்கள். வண்டியை வாங்கியதே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. இப்போதைக்குப் பழுப்பு பார்சல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நாளை முதல் மழையாம். இதை ஒட்ட முடியுமா? எந்தப் பசை? ஏற்கெனவே ஜன்னல் மங்கி, கொஞ்சம் மஞ்சளாகவும் இருக்கிறது. அதையும் சேர்த்து ஏதாவது செய்ய முடிந்தால் நல்லது.

#2 டொரன்டோ_தம்பி

அண்ணை, 3 டிகிரியில மடக்கினீங்களோ! இங்கே கார்த்திகையில் மூடிய கூரையைச் சித்திரை வருஷப் பிறப்புக்குத்தான் திறக்கிறது. கையால் தொட்டால் தோல் மாதிரி வளைய வேண்டும், தகரம் மாதிரி விறைத்துக் கிடந்தால் தொடவே கூடாது. நானும் முதல் வருஷம் ஒரு ஜன்னலைப் பலி கொடுத்துத்தான் இதைப் படிச்சனான்.

பார்சல் டேப்பை உடனே எடுத்துவிடுங்கோ. நாள் போகப் போக அதன் பசை பிளாஸ்டிக்கோடு ஊறிப்போகும், பிறகு சுரண்ட வேண்டி வரும். சுரண்டினால் இன்னும் கீறல்.

#3 கோவை_ஜிப்ஸி

சூப்பர் குளூ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். என் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் பக்க ஜன்னல் கிழிந்தபோது அதைத்தான் போட்டேன். ஒட்டிய இடம் வெள்ளை பூத்து, கல் மாதிரி இறுகியது. மூன்றாம் நாள் உக்கடம் மேம்பாலம் ஏறும்போது பசைக்கு ஒரு விரல்கடை தள்ளிப் புதிதாக ஒரு கீறல். பசை போட்ட கோடு அப்படியே கெட்டியாக இருக்கிறது, பக்கத்தில் பிளந்துவிட்டது. கடைசியில் குஷன் கடையில் கொடுத்துப் புது ஷீட் வைத்துத் தைத்து வாங்கினேன். அங்கே லண்டனில் குஷன் கடை இருக்காதா?

#4 ஹாரோ_மழை

இருக்கிறது. அவர்தான் 900 கேட்டார்.

#5 மதுரை_குஷன்

தம்பி, நான் முப்பது வருடமாக ஜீப் படுதா, சீட், ஆட்டோ டாப் தைக்கிறவன். உங்கள் வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கை நன்றாகத் தெரியும். எங்கள் ஜீப் படுதாவில் பின்னால் வைக்கிற அதே சரக்கு.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஜன்னலின் வெளிப்பக்கம் தண்ணீரை ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே உள்ளிருந்து பாருங்கள். பிறகு உள்பக்கம் ஈரத்துணி வைத்து எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மங்கினால் அது மேல்தோல் கீறல். தேய்த்து எடுக்கலாம். ஈரமாக இருந்தும் மங்கலாகவே இருந்தால் நோய் உள்ளே இருக்கிறது, எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. பாலிஷ் வாங்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள், காசு மிச்சம்.

அடுத்தது கீறலின் நுனி. அது இன்னும் ஓடும். இன்று ஒரு சாண், அடுத்த வாரம் ஒரு முழம். நுனி கூராக இருக்கும்வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டு பக்க நுனியிலும் தோல் பஞ்ச் வைத்து 3 மி.மீ. வட்ட ஓட்டை போடுங்கள். நல்ல பிளாஸ்டிக்கில் ஓட்டை போட மனசு வராது, போடத்தான் வேண்டும். ஓட்டை வட்டமாக இருந்தால் கீறலுக்கு மேலே போக வழி கிடையாது. பஞ்ச் இல்லையென்றால் ஆணியை நெருப்பில் சூடாக்கிக் குத்துங்கள். கத்தி முனையால் மட்டும் வேண்டாம், அது நாமே இன்னொரு நுனி வைத்துக் கொடுப்பதாகிவிடும்.

ஒட்டுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

#6 பாலிமர்_வாத்தியார்

குஷன் மாஸ்டர் சொன்ன தண்ணீர்ச் சோதனை அருமை. மேற்பரப்பின் நுண்கீறல்களைத் தண்ணீர் நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது. எங்கள் ஆய்வகத்தில் இதையே அரைமணி நேரம் வகுப்பாக எடுப்போம்.

பசைப் பட்டியலுக்கு முன் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். இது பிவிசி. வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறதே, அந்தக் குழாயும் இதுவும் ஒரே பாலிமர்தான். பிவிசி தன் இயல்பில் விறைப்பான பொருள், சுமார் 80 டிகிரி வந்தால்தான் இளகும். அதோடு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை நிறையக் கலந்து வளையும்படி செய்கிறார்கள். அதை நெகிழ்வூட்டி என்போம். அது பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளோடு வேதியியல் முறையில் கட்டுண்டு இருப்பதில்லை, நடுவே புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெயிலிலும் வருடங்களிலும் மெல்ல வெளியேறிவிடும். வெளியேற வெளியேற ஜன்னல் பழையபடி குழாயாக மாறிக்கொண்டு வருகிறது. குளிரில் மடக்கினால் உடையாமல் என்ன செய்யும்?

மஞ்சள் வேறு கதை. புற ஊதா ஒளியும் வெப்பமும் பட்டு பிவிசி சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று போகிறது. அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டாகும். அந்த வரிசை நீள நீள நிறம் மஞ்சளாகி, பழுப்பாகி வரும். ஆகவே மஞ்சளைத் தேய்த்து எடுக்க முடியாது.

இன்னொன்று. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை இதில் அடிக்காதீர்கள். அம்மோனியா, ஆல்கஹால், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. எல்லாம் நெகிழ்வூட்டியை இழுத்துக்கொண்டு போகும் அல்லது மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

#7 அண்ணாநகர்_ஜான்

குழாயும் இதுவும் ஒன்றுதான் என்றால், குழாய் ஒட்டுகிற சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டலாமே வாத்தியாரே? கடையில் கிடைக்கிறது, மலிவு.

#8 பாலிமர்_வாத்தியார்

நல்ல கேள்வி. ஒட்டத்தான் செய்யும். அந்த சிமென்டில் பிவிசியைக் கரைக்கும் கரைப்பானும், கரைந்த விறைப்பு பிவிசியும் இருக்கின்றன. குழாய்க்கு அது சரி, குழாய் மடங்காது. மடங்கும் தாளில் அது கெட்டியான ஒரு வரப்பைக் கட்டிவிடும். வரப்பின் ஓரத்தில்தான் அடுத்த மடிப்பு விழும். கோவைக்காரருக்கு மேம்பாலத்தில் நடந்தது அதுதான். வேண்டுமானால் வளையும் வினைலுக்கென்றே உள்ள பசையைத் தேடுங்கள். ஹெச்ஹெச்-66 என்று லாரி தார்ப்பாய்க்காரர்கள் வைத்திருப்பார்கள், காய்ந்த பிறகும் வளையும். கண் பார்க்கும் நடுப்பகுதியில் அழகாக இருக்காது, ஓரத்துக்கு நல்லது.

#9 டொரன்டோ_தம்பி

பசையே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். கூடாரம், ரப்பர் படகு ஒட்டுகிற டேர்-எய்ட் டேப் இருக்கு. அதில் ஏ வகை, பி வகை எண்டு இரண்டு. வினைலுக்கு பி வகை. ஏ வகையை வாங்கிப்போட்டு ஒட்டேல்லை எண்டு திட்டாதேங்கோ. மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு வருஷம் தாராளமாகப் போகும்.

#10 மதுரை_குஷன்

டேப் ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் ஒரு சாண் கீறலை டேப் மட்டும் தாங்காது. கூரையை முன்னால் இழுத்துப் பூட்டும்போது அந்த ஜன்னல் முழு விறைப்பில் நிற்கும், கீறலின் இரண்டு உதடும் விலகும். டேப் ரப்பர் போல நீண்டுகொண்டே போய் ஒருநாள் விடும். முதலில் உதடுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அதற்கு மீன்பிடி நரம்பு. சாதாரண நைலான் நரம்பு, மெல்லியது. கூரையின் தாழ்ப்பாளைக் கழற்றி இழுவை இல்லாமல் வையுங்கள். தையல் ஊசியைக் குறட்டில் பிடித்து, மெழுகுவத்தியில் காய வைத்து, கீறலிலிருந்து 5 மி.மீ. தள்ளி இரண்டு பக்கமும் ஓட்டைகள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அப்புறம் பூட்ஸ் கயிறு மாட்டுவது போல நரம்பைக் குறுக்கே குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். உதடுகள் தொட்டால் போதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. அதன் மேல் தம்பி சொன்ன டேப்.

#11 பாலிமர்_வாத்தியார்

மாஸ்டர், இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கீறலை நிறுத்த இருபது ஓட்டை போடுகிறீர்கள். உடையும் நிலைக்கு வந்துவிட்ட பிவிசியில் ஒவ்வொரு ஓட்டையும் புதுக் கீறலுக்கு விதை. மேலும் சூடான ஊசி படும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யும் வேலையல்ல இது.

#12 மதுரை_குஷன்

புகை விஷயம் சரி சார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்யணும். எழுதாமல் விட்டுவிட்டேன். ஆனால் ஓட்டை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். குளிர்ந்த ஊசியால் குத்தினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். சூட்டில் உருகிய ஓட்டையைச் சுற்றிக் குழவிக்கல் விளிம்பு மாதிரி வழுவழுப்பாக ஒரு கரை கட்டியிருக்கும். அது ஓடாது. எத்தனையோ ஜீப்புக்குச் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று, இது தீபாவளி வரை ஓட்டுகிற வேலை. பொங்கலுக்குப் புது ஷீட் போட்டுவிடணும்.

#13 நெறியாளர்

இழையைப் பொதுப் பகுதியிலிருந்து 'உடற்பகுதி, கூரை, தையல்' பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். ஜன்னலில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி இங்கே இருந்த ஒரு பதிவை நான் நீக்கவில்லை, எழுதியவரே வாபஸ் வாங்கிவிட்டார்.

#14 ஹாரோ_மழை

மாஸ்டருக்கும் வாத்தியாருக்கும் பெரிய நன்றி. சனிக்கிழமை செய்துவிட்டேன்.

முந்தின இரவே ஒரு சின்ன மின்சார ஹீட்டரைக் கராஜில் வைத்துவிட்டேன். காலையில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருந்தது. நுனிகளில் பஞ்ச் ஓட்டை. வலது நுனியில் ஓட்டை போட்ட பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், முடி போல இன்னும் ஒரு சென்டிமீட்டர் தாண்டிப் போயிருந்தது கீறல். அதன் முனையைக் கண்டுபிடித்து மறுபடி ஒரு ஓட்டை. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால்தான் தெரிகிறது, நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

நரம்பைக் கோப்பது ஆள் தேவைப்படுகிற வேலை. நான் வெளியே, என் மகள் உள்ளே. ஊசி உள்ளே வந்ததும் அவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் நாலு தையல் ரொம்பவும் இறுக்கிவிட்டேன், உதடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது. அறுத்துவிட்டு மறுபடி. டேப் ஒட்டும் முன் சோப்புத் தண்ணீர், அப்புறம் அந்தப் பெட்டியில் வந்த ஆல்கஹால் துணி. ஆல்கஹால் கூடாது என்றீர்களே வாத்தியார், ஒரு தடவைதானே என்று துடைத்துவிட்டேன்.

பார்க்க அறுவை சிகிச்சைத் தழும்பு மாதிரி இருக்கிறது. ஆனால் ஞாயிறு முழுக்க மழை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

#15 பாலிமர்_வாத்தியார்

ஒட்டும் முன் ஒருமுறை துடைப்பது சரிதான். வாராவாரம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தையலைப் பற்றிய என் ஆட்சேபத்தை மழை தள்ளுபடி செய்துவிட்டது போலிருக்கிறது.

#16 மெல்போர்ன்_குமார்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் வண்டியில் பின் ஜன்னல் நிஜக் கண்ணாடி. கண்ணாடியின் மேல் ஓரம் துணியிலிருந்து விட்டுவிட்டது, நடுவில் கை போகும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது. தையலே காணோம். இதை எப்படித் தைப்பது? தற்காலிகமாக சிலிகான் பூசி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

#17 கோவை_ஜிப்ஸி

சிலிகான் குழாயைக் கீழே வையுங்கள்! எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மீதியை மாஸ்டர் சொல்வார்.

#18 மதுரை_குஷன்

கண்ணாடி ஜன்னலை நான் இரண்டு மூன்று வண்டியில்தான் செய்திருக்கிறேன். அங்கே தையல் கிடையாது சார், ஒட்டுதான். கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும், அதில் துணியை ஒட்டியிருப்பார்கள். வருடம் போகப் போக இழுவையில் மேல் ஓரம்தான் முதலில் விடும்.

முன் கண்ணாடி ஒட்டுகிற கறுப்பு யூரித்தேன் பசைதான் அதற்கு மருந்து. சிலிகான் ஏன் கூடாது என்றால், அது இழுவையைத் தாங்காது என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் ஒட்டாது. எவ்வளவு சுரண்டினாலும் எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் நின்றுவிடும்.

பழைய பசையைப் பிளேடால் எடுங்கள், கண்ணாடிப் பக்கம் மட்டும். கண்ணாடியில் படியும் மூட்டத்தைப் போக்கச் சூடேறும் டீஃபாகர் கம்பிக்கோடுகள் இருந்தால் அவை போகிற இடத்தில் பிளேடு ஆகாது. கண்ணாடியில் பிரைமர் போட்டு, கூரையைப் பாதி மூடிய நிலையில் இழுவை இல்லாமல் வைத்து, யூரித்தேன் பூசி, துணியை அழுத்தி, உள்ளே ஒரு பலகை வெளியே ஒரு பலகை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பலகையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள். நான் இரண்டு நாள் விடுவேன்.

#19 பாலிமர்_வாத்தியார்

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த வகை யூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். வறண்ட வெயில் நாளில் சீக்கிரம் காயும் என்று நினைத்துவிடாதீர்கள், மந்தமாகத்தான் காயும்.

#20 அண்ணாநகர்_ஜான்

வண்டி எதுவும் சொந்தமாக இல்லாமலேயே இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், ஏன் எல்லோருமே கண்ணாடி வைக்கவில்லை? பிளாஸ்டிக்தான் கெடும் என்று தெரியுமே.

#21 டொரன்டோ_தம்பி

வைத்தார்கள் ஜான் அண்ணா, பிறகு. எம்எக்ஸ்-5இல் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கண்ணாடி, அதில் சூடேறும் கம்பியும் இருக்கு. போர்ஷே பாக்ஸ்டர் முதல் தலைமுறையில் 2003 மாடலில்தான் கண்ணாடிக்கு மாறினார்கள். அதுவரைக்கும் பிளாஸ்டிக்தான். கூரை மடங்கும்போது இறங்கிப் போய்க் கையால் ஜன்னலில் ஒரு வெட்டுப் போடுவார்கள், கராத்தே மாதிரி. பிளாஸ்டிக் சரியான இடத்தில் மடங்க வேண்டும் எண்டு. அதுக்கு 'பாக்ஸ்டர் சாப்' எண்டே பேர். பிஎம்டபிள்யூ இசட்3இல் கடைசி வரைக்கும் பிளாஸ்டிக். அந்த ஆட்கள் துண்டைச் சுருட்டி மடிப்புக்குள் வைப்பார்கள், கூர் மடிப்பு விழாமல்.

கண்ணாடி மடங்காதே. அதைப் படுக்க வைக்க இடம் வேண்டும். சின்ன வண்டியில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

#22 ஹாரோ_மழை

மங்கலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். தண்ணீர்ச் சோதனையில் வெளிப்பக்கம் நிறையத் தெளிந்தது, உள்ளே கொஞ்சம் மங்கல் மிச்சம். சரி, பாதி நோய்க்கு மருந்து உண்டு என்று ஆரம்பித்தேன். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து லேசாக ஒரு தடவை, பிறகு 3000, பிறகு மெகுவயர்ஸ் கம்பெனியின் 17ஆம் நம்பர் பிளாஸ்டிக் பாலிஷ், கடைசியில் 10ஆம் நம்பர். எல்லாம் கையால். டிரில்லில் பஞ்சு மாட்டிச் செய்யலாமா என்று ஒரு ஓரத்தில் சோதித்தேன், மூன்று விநாடியில் பிளாஸ்டிக் சுருங்கி அலை விழுந்துவிட்டது. நல்லவேளை, ஓரம்.

ஒன்றரை மணி நேரம், தோள்பட்டை வலி. இப்போது பின்னால் வரும் வண்டியின் நம்பர் படிக்க முடிகிறது. முன்பு வண்டி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். மஞ்சள் அப்படியே இருக்கிறது, எந்நேரமும் மாலை ஆறு மணி மாதிரி.

#23 கோவை_ஜிப்ஸி

மாஸ்டர், நானே வீட்டில் புது ஷீட் வைத்துத் தைத்தால் என்ன? மனைவியிடம் தையல் மெஷின் இருக்கிறது.

#24 மதுரை_குஷன்

வீட்டு மெஷின் ஒரு தையல் போடும், இரண்டாவதில் ஊசி உடையும். படுதாத் துணி இரண்டு மடிப்பு, மேலே முக்கால் மி.மீ. பிளாஸ்டிக், அதன் மேல் பட்டி. பதினெட்டாம் நம்பர் ஊசி வேண்டும், அதை இழுக்கிற மெஷின் வேண்டும். மெஷினின் பாதமும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. நாங்கள் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுப்போம். முகப்பவுடர் தூவுகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியம் தையலின் நீளம். புதுப் பையன்கள் கெட்டியாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைப்பார்கள். நெருக்கித் தைத்தால் தபால் தலை மாதிரி, வரிசையாக ஓட்டை போட்டுக் கிழிப்பதற்குத் தயாராக வைத்தது போல ஆகிவிடும். நாலரை, ஐந்து மி.மீ. நீளம் இருக்கணும். நூல் பாலியெஸ்டர். எங்கள் அப்பா காலத்தில் பருத்தி நூல்தான், மழையில் ஊறி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பார். உண்மைதான், ஆனால் மூன்று மழையில் மக்கிவிடும்.

ஷீட் வாங்கும்போது சுருளாக வருவதை வாங்காதீர்கள். அதில் பார்த்தால் ரோடு அலை அலையாகத் தெரியும். தட்டையாகக் காகிதம் வைத்து அடுக்கியதைக் கேளுங்கள், விலை கூட.

ஹாரோ தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் ஜன்னல் ஜிப்பில் மாட்டியிருக்கிறது என்றால் நீங்கள் ஏன் தைக்கணும்? தைத்து வருவதாக வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே.

#25 ஹாரோ_மழை

அதைத்தான் செய்தேன் மாஸ்டர். தழும்போடு இரண்டு மாதம் ஓட்டினேன், தையல் அசையவில்லை. ஆனால் ஏப்ரலில் இடது மூலையில் புதிதாக இன்னொரு கீறல். ஜிப்போடு தைத்து வரும் ஜன்னல் நூற்றுச் சொச்சம் பவுண்டுக்குக் கிடைத்தது. வேலை முழுவதையும் எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மேலே ஜிப் என்பதால் அஞ்சு நிமிட வேலை என்று நினைத்தேன். ஜிப் மூன்று பக்கம்தான். கீழ்ப்பக்கம் வண்டியின் உடலோடு இறுகியிருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தட்டின் கார்ப்பெட்டை எடுத்தால், கூரையின் அடிவிளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள் தெரியும். 10 மி.மீ. நட்டுகள். கார்ப்பெட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு கையோடு வந்துவிட்டன, வயது அப்படி. கார்ப்பெட்டுக்கு அடியில் நடுவில் ஓட்டை போட்ட 5 யென் நாணயம் ஒன்று கிடந்தது. ஜப்பானில் யார் பையிலிருந்து விழுந்ததோ!

பட்டைகளைக் கழற்றும் வரிசையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நட்டு உள்ளே விழுந்துவிட்டது. காந்தக் குச்சி வைத்து அரைமணி நேரம் துழாவி எடுத்தேன். அதன் அடியில் மழைநீரை ஓரத்துக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. முப்பது வருடத்துச் சாமான், அதை வளைத்தால் ஜன்னல் கதைதான் அதற்கும். இரண்டு கையால் ஏந்தி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினேன்.

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். புது ஜன்னலின் அடி ஓரத்தில் ஓட்டைகள் போட்டு வரவில்லை. பழையதை மேலே வைத்துக் குறித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் பழையது அகலத்தில் ஒரு விரல்கடை குறைவாக இருக்கிறது! தவறான அளவை அனுப்பிவிட்டார்கள் என்று கோபமாக மின்னஞ்சல் எழுதி, அனுப்பும் முன் மாஸ்டரிடம் தனிமடலில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே இங்கே அவரே போட்டால் நல்லது.

#26 மதுரை_குஷன்

பழசு சுருங்கியிருக்கும், அதுதான் விஷயம். வாத்தியார் சொன்னாரே எண்ணெய் வெளியேறும் என்று, எண்ணெய் போனால் ஷீட்டும் சுருங்கும். அந்த அளவுக்குப் புதுசில் ஓட்டை போட்டால் மாட்டிய பிறகு தொளதொளவென்று தொங்கும். பழைய படுதாவை அளவாக வைத்து வெட்டவே கூடாது. நடு ஓட்டையை மட்டும் குறித்து, அதை மாட்டிவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பிடித்து, வண்டியின் போல்ட்டுக்கு நேராகக் குறித்துக் குத்திக்கொண்டே போகணும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோணிக்கொள்ளும். இடது ஒன்று, வலது ஒன்று.

#27 ஹாரோ_மழை

அப்படியே செய்தேன். மதியம் வெயில் வந்ததும் புது ஜன்னலை வண்டி மேல் விரித்து ஒரு மணி நேரம் காய விட்டேன், துணி மாதிரி ஆனது. ஜிப் மூலை திரும்பும் இடத்தில் நின்றுவிட்டது. முன் தாழ்ப்பாளைக் கழற்றிக் கூரையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஜிப் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன், போய்விட்டது. ஆர்டர் செய்யும் முன் ஒன்று பாருங்கள். புது ஜன்னலில் இருப்பது ஜிப்பின் ஒரு பாதிதான், கூரையில் இருக்கும் பாதியோடு பற்கள் சேர வேண்டும். கூரையை முன்பு யாராவது மாற்றியிருந்தால் வேறு வகை ஜிப் இருக்கலாம்.

மொத்தம் ஆறு மணி நேரம், இரண்டு தேநீர்.

ஆனால் கதை முடியவில்லை. முதல் மழையில் வலது சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரம். புது ஜன்னலைத்தான் சந்தேகப்பட்டேன்.

#28 டொரன்டோ_தம்பி

வடிகால் அண்ணை! அந்த வாய்க்கால் தண்ணீரை இரண்டு பக்கத்து ஓட்டைக்குக் கொண்டுபோகும், சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில். இலை அடைத்திருக்கும். அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும், கீழே பக்கச் சட்டம் துருப்பிடிக்கும். கம்பி வைத்துக் குத்தாதேங்கோ, அடியில் ஒரு குழாய் இருக்கு, கழன்றுபோகும். புல் வெட்டும் மெஷினில் வருமே நைலான் நரம்பு, அதை மெதுவாக விடுங்கோ.

#29 ஹாரோ_மழை

அதேதான். கருகருவென்று ஒரு கைப்பிடி சேறு, ஏதோ மரத்து விதைகள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்டியது. அதற்குப் பிறகு மூன்று மழை பெய்துவிட்டது, கார்ப்பெட் காய்ந்தே இருக்கிறது.

#30 கோவை_ஜிப்ஸி

பழைய ஜன்னலை என்ன செய்தீர்கள்?

#31 ஹாரோ_மழை

தையல் போட்ட துண்டை மட்டும் வெட்டி மகள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் போட்ட முடிச்சு அதில்தான் இருக்கிறதாம்.

#32 டொரன்டோ_தம்பி

சரி, இந்த ஞாயிறு கூரையை இறக்கினீங்களோ? ஜிப்பைத் திறந்தா, திறக்காமலா?

#33 ஹாரோ_மழை

17 டிகிரி. திறந்துதான். மெழுகுவத்தி இப்போது டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடக்கிறது.